ஆவணியில சக்க ஏது?

நீளமான த்ரெட் இது. சாயாவோ காப்பியோ கையில எடுத்துக்கிட்டு உட்காருங்க.

ஓணத்துக்குச் சக்கப் பிரதமன் குடிச்சிருக்கீங்களா? கன்னியாகுமரி மாவட்டத்துல, குறிப்பா மேற்குப் பக்கம், ஓண இலையில அது வந்துட்டா மத்த பாயசம் எல்லாம் ரெண்டாம்பட்சம்தான். ஆனா ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. பங்குனி, சித்திரையில பழுக்க ஆரம்பிக்குற சக்க, மழை பிடிச்சதும் முடிஞ்சு போகும். மரத்துல மிச்சம் நிக்குறதும் தண்ணி கோர்த்து சப்புன்னு ஆயிடும். ஓணம் வர்றதோ ஆவணியில. அப்போ அந்தப் பாயசத்துக்குப் பழம் எங்கிருந்து வந்துச்சு?

பரணியில இருந்து வந்துச்சு. சித்திரையில கிண்டி, வாயைத் துணியால கட்டி, அடுப்படிப் பரண்ல ஏத்தி வச்ச சக்க வரட்டி. பழத்தோட தண்ணியை அடுப்புல வத்த வச்சு, வெல்லம் சேர்த்து, களிமண் மாதிரி இறுக்கி எடுத்துவைக்கிற ஒண்ணு. வேணுங்கும்போது ரெண்டு கை அள்ளித் தேங்காப்பால்ல கரைச்சுக் கொதிக்கவிட்டா பிரதமன். இதை நான் பல வருஷம் பண்டிகைப் பலகாரம்னுதான் நினைச்சிட்டிருந்தேன். அப்படி இல்லன்னு எனக்குச் சொல்லித் தந்தது ஒரு பேஷண்ட். அவங்ககிட்ட கடைசியில வர்றேன்.

முதல்ல பேரு. சென்னை நண்பர் ஒருத்தர்கிட்ட "சக்க அனுப்பவா"ன்னு கேட்டா, கரும்பு பிழிஞ்ச சக்கையான்னு திருப்பிக் கேட்டார். மத்த தமிழ்நாட்டுக்குச் சக்கைன்னா சாறு போன மிச்சம். எங்களுக்கு அது பலாப்பழம். சுளை கெட்டியா இருந்தா வருக்கை, கொழகொழன்னு இருந்தா கூழன். இந்தப் பேர்கள் ரொம்பப் பழசு. கொல்லத்துல 14-ம் நூற்றாண்டுல பிஷப்பா நியமிக்கப்பட்ட ஜோர்டானஸ்ங்குற பிரெஞ்சுத் துறவி, தான் பார்த்த இந்திய அதிசயங்களைப் பத்தி லத்தீன்ல ஒரு சின்ன புத்தகம் எழுதினார். அதுல "சாக்கி"ன்னு ஒரு பழம் வருது. ஒரு பழம் அஞ்சு பேருக்குப் போதும்னு எழுதியிருக்கார். அவர் பார்த்தது சின்னச் சக்கையா இருக்கணும், எங்க ஊர் சக்கை ஒண்ணு போதும், ஒரு கல்யாண வீட்டுக்கு வெங்காயம் நறுக்க வந்த ஆட்கள் எல்லாரும் தின்னு முடிப்பாங்க.

அவருக்குக் கொஞ்ச காலம் கழிச்சு வந்த இபின் பதூதாவும் இதை விட்டுவைக்கல. "ஷகி", "பர்கி"ன்னு ரெண்டு வகை சொல்றார். அடிமரத்துல, தரைப் பக்கமா காய்க்கிறது பர்கி, அதுதான் ருசி கூடினது. மேல காய்க்கிறது ஷகி. ஷகி நம்ம சக்க. பர்கி, வருக்கைதான்னு பல அறிஞர்கள் நினைக்கிறாங்க. அப்புறம் போர்ச்சுகீசியர் வாயில ஜாக்கா ஆகி, இங்கிலீஷ்ல ஜாக் ஆச்சு. 1682-ல வந்த ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ் மூணாம் தொகுதியில டச்சுக்காரங்க இந்த மரத்தைப் படம் போட்டு, மலையாளப் பேரையே "சக்க மரம்"னு லத்தீன் எழுத்துல பதிச்சு வச்சாங்க. உலகம் பூரா இந்தப் பழத்துக்குப் போன பேரு எங்க பக்கத்துப் பேருதான். கொஞ்சம் பெருமை அடிச்சுக்கிறேன், மன்னிச்சிடுங்க.

எங்க மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம். அந்த ராஜ்ஜியத்தோட கதையிலயே ஒரு பலாமரம் நிக்குது. மார்த்தாண்ட வர்மாவை எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தினப்போ, நெய்யாற்றின்கரையில ஒரு பலாமரப் பொந்துக்குள்ள ஒளிஞ்சு தப்பிச்சார்னு சொல்லுவாங்க. அந்த மரத்தோட மிச்சத்தை "அம்மச்சிப்பிலாவு"ன்னு கிருஷ்ணன் கோயில் வளாகத்துல இன்னும் வச்சிருக்காங்க. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனீங்கன்னா தாய்க் கொட்டாரத்துல நின்னு தூணைப் பாருங்க; ஒத்தைப் பலாமரத்துல செதுக்கினது. ராஜாவுக்குத் தூணும் ஒளிவிடமும். குடியானவனுக்குச் சோறு.

சோறுன்னு சொன்னது உவமை இல்ல. இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

பேச்சிப்பாறை அணை 1897-ல ஆரம்பிச்சு 1906-ல முடிஞ்சது. மூலம் திருநாள் மகாராஜா காலம். முன்னால நின்னு கட்டினவர் மிஞ்சின்ங்குற ஐரோப்பிய எஞ்சினியர். அவர் கல்லறை அணைப் பக்கத்துலயே இருக்கு, சுற்றுலா வர்றவங்க முக்கால்வாசிப் பேர் பார்க்காமலே திரும்பிடுவாங்க. அந்த அணைத் தண்ணி கீழே நாஞ்சில் நாட்டு வயலுக்குப் போச்சு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் நெல்லு. அணைக்கு மேல, மலையில இருந்தவங்களுக்கு அந்தத் தண்ணியைப் பார்த்துக்கிட்டு இருக்கத்தான் முடியும்; நெல்லு விளையற நிலம் அவங்ககிட்ட கிடையாது. மலையில காணிக்காரங்க குடியிருப்புகள், அப்புறம் வந்த எஸ்டேட்டுகள், அதுல கூலிக்கு நின்ன குடும்பங்கள். இவங்க வயித்துக்கு மரச்சீனியும் சக்கையும்தான். மரச்சீனிகூட பெரிய பழசு இல்ல. 1880-ல இருந்து 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள்தான் அதைச் சனங்களுக்குப் பழக்கிவிட்டவர்னு சொல்லுவாங்க. சக்க அதுக்கும் எத்தனையோ நூற்றாண்டு முந்தி.

சக்கையில வீணாப் போறது ரொம்பக் கொஞ்சம். பிஞ்சை இடிச்சக்கத் தோரன் வைப்பாங்க, முத்தின காயைப் புழுக்கு, பழத்தைச் சுளையா, கொட்டையை அவிச்சும் கறியிலயும். மடலும் சவிணியும் மாட்டுக்கு. மழைக்காலத்துக்குன்னு கொட்டையைத் தனியா எடுத்து மண்ணு பூசியோ மணல்ல புதைச்சோ வைப்பாங்க. பழம் மட்டும்தான் பிரச்சனை. ஒரே நேரத்துல பத்து பழுக்கும். ரெண்டு நாள் தாங்காது. அதை என்ன பண்றது? வரட்டறது.

இந்த வேலை ஏன் அவ்வளவு அவசரமா நடந்துச்சுன்னா, அடுத்து வர்றது கர்க்கடகம். நம்ம ஆடி. எங்க பக்கத்துப் பெரியவங்க "கள்ளக் கர்க்கடகம்"னே சொல்லுவாங்க. தென்மேற்கு மழை விடாம அடிக்கும். வயல்ல வேலை இல்ல, காட்டுக்குள்ள போக முடியாது, விறகு நனைஞ்சிருக்கும், பத்தாயத்துல நெல்லு அடி தெரிய ஆரம்பிச்சிருக்கும். பேதி, காய்ச்சல் எல்லாம் அந்த மாசத்துலதான் கூடும்னு நான் சொல்லத் தேவையில்ல. ரப்பர் வந்த பிறகு இந்தக் கஷ்டம் போகல, உருவம் மாறிச்சு. மழைன்னா பால்வெட்டு இல்ல. பால்வெட்டு இல்லன்னா கூலி இல்ல. இன்னைக்கும் மழை மறைப்புப் போடாத தோட்டத்துல நிலைமை இதுதான். மாசக் கடைசியில மாத்திரை வாங்க வராத பேஷண்ட் யாருன்னு பார்த்தா, ஆடியில அந்தப் பட்டியல் நீளும்.

1942 மார்ச்ல ஜப்பான்காரங்க ரங்கூனைப் பிடிச்சாங்க. பர்மா அரிசி நின்னுச்சு. திருவிதாங்கூர் தன் அரிசித் தேவையில பெரும் பகுதியை வெளியில இருந்து வாங்கித் தின்னுட்டிருந்த ராஜ்ஜியம். அந்தச் சில வருஷம் பட்டினி எப்படி இருந்துச்சுன்னு கேட்க இப்போ ஆள் குறைஞ்சுகிட்டே வருது. கேட்டா வயசானவங்க சொல்றது ரேஷன் கதையும் மரச்சீனிக் கதையும்தான். கூடவே ஒரு வரி சேர்ந்து வரும்: "சக்க உண்டாயிருந்துது, அதுகொண்டு கெடந்தோம்."

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. இலங்கையில பலாமரத்தைச் சிங்களத்துல "சோற்று மரம்"னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. 1915 கலவரத்துல கைதான ஆர்தர் வி. டயஸ்னு ஒரு தோட்ட முதலாளி, அப்புறம் நாடு முழுக்கப் பலாக் கன்று நடச் சொல்லி இயக்கமே நடத்தினார். சனங்க அவருக்கு "கோஸ் மாமா"ன்னே பேர் வச்சாங்க, பலா மாமான்னு அர்த்தம். 1951-ல அங்கே ஒரு சட்டம் வந்துச்சு: பலா, ஈரப்பலா, பெண்பனை மூணையும் அனுமதி இல்லாம வெட்டக்கூடாது. பசியைப் பார்த்த நாடு போடுற சட்டம் அது. நம்ம கதையில இது ஏன் வருதுன்னா, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழ்க் குடும்பங்கள்ல ஒரு பங்கு, பேச்சிப்பாறையைச் சுத்தியிருக்குற அரசு ரப்பர் தோட்டங்களுக்கு வந்தாங்க. கோதையாறு, கீரிப்பாறை, மணலோடை லயன்கள்ல இன்னைக்கும் அவங்க பிள்ளைங்க இருக்காங்க. அவங்க வீட்டுல பலாக்காயைச் சோறு மாதிரி அவிச்சுச் சாப்பிடுற பழக்கம் கூடவே வந்துச்சு. பக்கத்து வீட்டுக் குமரிக்காரி சக்க வரட்டுறா. ரெண்டு பேரும் பேசற தமிழ் வேற, மழைக்குப் பயம் ஒண்ணு.

சரி, இப்போ வீட்டுல செய்யற கதை. பெரிய உருளி, விறகு அடுப்பு, நாலு பேர் மாறி மாறிக் கிண்டுறது எல்லாம் வேண்டாம். ஒரு கிலோ சுளைக்குக் கணக்குச் சொல்றேன்.

நல்லாப் பழுத்த வருக்கையா எடுங்க. கூழன்ல நார் அதிகம்; அது வேணும்னா சல்லடையில தேய்ச்சு எடுக்கணும், பொறுமை வேணும். கத்தியிலயும் கையிலயும் தேங்காண்ண தடவிட்டு உட்காருங்க, இல்லன்னா அந்த அரக்கு ரெண்டு நாள் போகாது. கொட்டை, கொட்டை மேல இருக்குற தோல் எல்லாம் நீக்கி ஒரு கிலோ சுளை. கால் டம்ளர் தண்ணி விட்டுக் குக்கர்ல ரெண்டு விசில். ஆறினதும் அரைங்க. அடி கனமான பாத்திரத்துல, உருளி இருந்தா ரொம்ப நல்லது, விழுதைப் போட்டுச் சுண்டவிடுங்க. அரைக் கிலோ வெல்லத்தைத் தனியாக் கரைச்சு வடிகட்டி ஊத்துங்க. வடிகட்டாம ஊத்துனா மணல் பல்லுல படும், அப்புறம் என்னைத் திட்டாதீங்க. கருப்பட்டியிலயும் செய்யலாம், குமரியில பலர் அதுதான் போடுவாங்க. நிறம் கறுக்கும், வாசம் வேற ஆகும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

இதுக்குப் பிறகு சிம்ல வச்சுக் கிண்டுறது மட்டும்தான் வேலை. இடையிடையே நெய், மொத்தம் ஒரு நூறு கிராம் வரும். ஒரு எச்சரிக்கை, டாக்டரா சொல்றேன்: கெட்டியாக ஆரம்பிக்கும்போது இது குமிழி விட்டுத் தெறிக்கும். கொதிக்குற வெல்லப்பாகு தோல்ல விழுந்தா தண்ணி மாதிரி வழிஞ்சு போகாது, ஒட்டிக்கிட்டே சுடும். காயம் ஆழமா இருக்கும். நீளக் காம்புக் கரண்டி, முழுக்கைச் சட்டை, குழந்தைங்க அடுப்படியில வேண்டாம். மேல விழுந்துட்டா உடனே குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் காட்டுங்க. பேஸ்ட்டு, மாவு, மை எதையும் அப்பாதீங்க.

பதம் எப்படித் தெரியும்? கரண்டியில எடுத்துத் தட்டுல வச்சு ஆறவிட்டு உருட்டிப் பாருங்க. விரல்ல ஒட்டாம உருண்டையா நின்னா போதும். ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். கடைசியில சுக்குப்பொடி, ஏலக்காய். நல்லா ஆறினபிறகுதான் பரணியில அடைக்கணும். சூட்டோட அடைச்சா மூடியில வேர்த்து, அந்தத் தண்ணியே கெடுத்துடும்.

ஏன் கெடாம இருக்குன்னு கேட்பீங்க. பச்சைச் சுளையில நூத்துக்கு எழுபதுக்கு மேல தண்ணி. கிருமிக்குத் தேவை சாப்பாடு மட்டும் இல்ல, அதுக்குக் கிடைக்கிற மாதிரி இருக்குற தண்ணியும். வரட்டும்போது பெரும்பாலான தண்ணி ஆவியாப் போகுது. மிச்சம் இருக்குற தண்ணியைச் சர்க்கரை பிடிச்சு வச்சுக்குது. வரட்டியில விழுற பாக்டீரியாவோட உடம்புல இருக்குற தண்ணியையே அது வெளிய இழுத்துடும். பாக்டீரியா தோத்துடும், ஆனா பூஞ்சை அவ்வளவு சீக்கிரம் தோக்காது. ஒரு ஈரக் கரண்டி போதும், ஒரு ஓரத்துல வெள்ளையா பூத்துடும். அந்த காலத்துல பரணியில கை வைக்க வீட்டுல ஒரே ஒருத்தருக்குத்தான் உரிமை, அதுவும் கை துடைச்சிட்டு. நாம அதைக் கஞ்சத்தனம்னு நினைச்சோம். பூஞ்சை பிடிச்சா மேல மட்டும் வழிச்சு எறிஞ்சிட்டு மிச்சத்தைத் தின்னாதீங்க. மெத்துனு இருக்குற பண்டத்துல வேர் உள்ள இறங்கியிருக்கும். பதம் சந்தேகமா இருந்தா ஃபிரிட்ஜ்ல வைங்க, கௌரவக் குறைச்சல் இல்ல.

பிரதமனுக்குக் கால் கிலோ வரட்டி, ரெண்டு தேங்கா. பால் மூணு தடவை பிழிங்க. மூணாம் பால்ல வரட்டியைக் கட்டி இல்லாம கரைச்சு, நூத்தம்பது கிராம் வெல்லம் போட்டுக் கொதிக்கவிடுங்க. ரெண்டாம் பால் ஊத்தி அது குறுகி வர்ற வரைக்கும் நில்லுங்க. அடுப்பை அணைச்ச பிறகு ஒண்ணாம் பால். கொதிக்கும்போது ஊத்துனா திரிஞ்சு போகும். சுக்கு, சீரகப்பொடி, ஏலம், நெய்யில வறுத்த தேங்காக் கொத்து. ஆறு, ஏழு பேர் தாராளமா குடிக்கலாம். மறுநாள்தான் இன்னும் ருசி.

உலர்ந்த பழத்தை ஊறவச்சு வேகவச்சுக் குடிக்கிறது உலகம் பூரா உண்டு. துருக்கியில ஹோஷாஃப், ரமலான் நோன்பு திறக்கும்போது பேரீச்சை, உலர்ந்த அத்தி எல்லாம் போட்டு எகிப்துல அதுக்கு ஒரு தம்பி, போலந்துல கிறிஸ்துமஸ் முந்தின ராத்திரி உலர்பழக் கொம்போத். போலந்துக்குப் பனி, நமக்கு மழை. மரம் வெறுமையா நிக்குற மாசத்துக்கும் இது கைகொடுத்துச்சு.

இப்போ அந்தப் பேஷண்ட்.

பேச்சிப்பாறை பக்கத்துல நான் ஓபி பார்த்திட்டிருந்த காலம். எழுபது தாண்டின பாட்டி, முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி. சர்க்கரை நோய், பத்து வருஷமா. ஹெச்பிஏ1சி பத்துக்குப் பக்கத்துல நின்னுது. ஒரு ஆடி மாசம் கையில ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய வரட்டி கொண்டுவந்து மேஜை மேல வச்சாங்க. நான் சிரிக்கல. "பாட்டி, இதைத் தின்னுதான் சர்க்கரை இப்படி ஏறுது. வீட்டுல இனி இது இருக்கவே கூடாது"ன்னு சொன்னேன். வரிசையில நாப்பது பேர் நின்னாங்க, குரலும் கொஞ்சம் ஏறிடுச்சு. அவங்க பாட்டிலை எடுத்து முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

ரெண்டு மாசம் வரல. அப்புறம் பேரன் தூக்கிட்டு வந்தான். வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி. சர்க்கரை 46. ஏறல, இறங்கியிருந்துச்சு. விசாரிச்சா, நான் சொன்னதுக்குப் பிறகு பயந்து இனிப்பை மட்டும் இல்ல, சோத்தையும் பாதியாக் குறைச்சிட்டாங்க; மாத்திரையை மட்டும் தப்பாம முழுசாப் போட்டிருக்காங்க. குளுக்கோஸ் ஏறி, கண்ணு தெளிஞ்சதும் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "மக்களே, நான் அத தின்னுகது இல்ல. பின்ன எதுக்கு வீட்டுல இருக்கப்படாதுண்ணு சொன்னிய?"

அவங்க சுகர் வந்த நாள்ல இருந்து வரட்டியை வாயில வச்சதே இல்லையாம். பத்து வருஷமா வருஷம் தவறாம கிண்டி, பேரப்பிள்ளைங்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துட்டு ஒரு பரணி மட்டும் மேல வச்சிருப்பாங்க. ஏன்னு கேட்டேன். சின்ன வயசுல ஒரு கர்க்கடகம், மூணு நாள் மழை, வீட்டுல அரிசி இல்ல. அவங்க அம்மை பரணியில இருந்து ஆளுக்கு ஒரு உருண்டையும் கட்டன்சாயாவும் கொடுத்து மூணு நாளை ஓட்டியிருக்காங்க. "பரணி காலியா கெடந்தா எனக்கு ராத்திரி ஒறக்கம் வராது மக்களே." ஹெச்பிஏ1சி அப்போ ஏன் ஏறிச்சுன்னா, ரேஷன் அரிசிக் கஞ்சி மூணு வேளை, மாத்திரை பாதி நாள் இல்ல. நான் அதைக் கேட்டதே இல்ல. பாட்டிலைப் பார்த்ததும் முடிவு பண்ணிட்டேன்.

அன்னைக்கு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோ சுளையில 230 கிராம் அளவுக்கு மாவுச்சத்து, பெரும்பாலும் சர்க்கரையா. அரைக் கிலோ வெல்லத்துல 450 கிராம். சுண்டினபிறகு மொத்தம் 900 கிராம் வரட்டின்னா, நூறு கிராம்ல 75 கிராம் சர்க்கரை. ஒரு நெல்லிக்காய் அளவு உருண்டை 20 கிராம்னு வச்சா 15 கிராம் சர்க்கரை. ஒரு டம்ளர் பிரதமன்ல மேற்கொண்டு போடுற வெல்லமும் சேர்த்து 45, 50 கிராம் வந்துடும். சர்க்கரை கட்டுக்குள்ள இருக்குறவங்க ஓணத்தன்னைக்கு ரெண்டு கரண்டி, அதுக்கு ஈடா சோத்தைக் குறைச்சுச் சாப்பிட்டா நான் சண்டைக்கு வரமாட்டேன். டம்ளர் வேண்டாம். கட்டுல இல்லாதவங்க முதல்ல என்கிட்டயோ உங்க டாக்டர்கிட்டயோ வாங்க. மாத்திரையைப் போட்டுட்டுச் சோத்தை விடுறது மட்டும் எப்பவும் செய்யாதீங்க.

கிட்னி கெட்டவங்க கதை வேற. பச்சைச் சுளை நூறு கிராம்லயே கிட்டத்தட்ட 450 மில்லிகிராம் பொட்டாசியம். சுண்டும்போது தண்ணிதான் போகும், பொட்டாசியம் போகாது. வெல்லம், கருப்பட்டியிலயும் அது இருக்கு, தேங்காப்பாலும் சும்மா இல்ல. டயாலிசிஸ்ல இருக்குறவங்க சக்க சீசன்ல இதயத்துடிப்பு தாறுமாறாகி வந்து நிக்குறது எங்களுக்குப் புதுசு இல்ல. அவங்களுக்கு "ஒரு கரண்டி"ன்னு நான் சொல்லமாட்டேன்.

"டாக்டர், பலா சுகரைக் குறைக்கும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே"ன்னு யாராவது கேட்பீங்க. அது பழம் இல்ல, காய். 2021-ல வெளியான ஒரு ஆய்வுல ஆந்திராவுல 40 பேரை எடுத்து, அதுல பாதிப் பேருக்கு 12 வாரம், அரிசி கோதுமைக்குப் பதிலா பச்சைப் பலாக்காய் மாவு தினம் 30 கிராம் கொடுத்துப் பார்த்தாங்க; சர்க்கரை அளவு நல்லா இறங்கினதாச் சொல்றாங்க. நல்ல செய்தி, ஆனா 40 பேர்தான். அதை வச்சு வரட்டி தின்ன நியாயம் தேட முடியாது.

இன்னைக்கு ஆவணியில சக்க கிடைக்கலைன்னு யாரும் பட்டினி கிடக்குறதில்ல. பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பலா ரகம் ஒண்ணு இருக்கு, பேச்சிப்பாறை 1; சீசன்லயும் சீசன் இல்லாதப்பவும் வருஷத்துக்கு ரெண்டு தடவை காய்க்கும். நாகர்கோவில் கடையில வரட்டி டப்பாவுல கிடைக்குது. தமிழ்நாட்டுக்குப் பலா மாநிலக் கனி, கேரளாவும் 2018-ல அறிவிச்சுடுச்சு. இதுக்கு நடுவுல வீட்டுப் பறம்புல இருந்த பழைய மரங்களை வெட்டிக் கதவு, கட்டில் பண்ணிட்டு அந்த இடத்துல ரப்பர் வச்சோம். ரப்பர் விலை இறங்கும்போது அதைத் தின்ன முடியாதுன்னு ஒரு பெரியவர் ஓபியிலயே சிரிச்சுச் சொன்னார். பிரஷர் பார்த்துட்டிருந்தேன், எனக்குச் சிரிப்பு வரல.

பாட்டி அதுக்கப்புறம் மூணு வருஷம் ஒழுங்கா வந்தாங்க. மாத்திரை மாத்தினோம், கஞ்சிக்குக் கூட கடலையும் மீனும் சேர்த்தோம், ஹெச்பிஏ1சி ஏழரைக்கு வந்துச்சு. ஒவ்வொரு ஆடியிலயும் ஹார்லிக்ஸ் பாட்டில் மேஜைக்கு வரும். நான் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவேன். ஓணத்துக்கு என் மனைவி அதுலதான் பிரதமன் வைப்பாங்க. காலிப் பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, ஈரம் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் பைக்குள்ள வைப்பாங்க.

உங்க வீட்டுல மழைக்கு என்ன சேர்த்து வச்சாங்க? பேரோட எழுதுங்க. எந்த ஊர்னும் சொல்லுங்க, பேரு மாறி மாறி வரும்போது படிக்க நல்லாயிருக்கும்.